கோல் சித்தர் உடைத்த தேங்காய்

சனிக்கிழமை சாயங்காலமானால் மயிலாப்பூரின் அந்தக் கல்யாண மண்டபத்தில் நிற்க இடம் கிடைக்காது. தி.நகரிலிருந்து ஆட்டோ, அடையாறிலிருந்து கார், பாலவாக்கம் குப்பத்திலிருந்து மினி வேன். கல்யாணம் எதுவும் இல்லை. மலேசியாவில் நடக்கும் கால்பந்து ஆட்டத்தில் இங்கே உட்கார்ந்தபடியே கோல் விழ வைக்கிறார் கோல் சித்தர்!

கோல் போடுகிற கால் என்னவோ ஏசுராஜுடையது. பாலவாக்கம் கடற்கரை மணலில் ஆடிப் பழகி, மலேசிய கிளப் ஒன்றில் ஸ்ட்ரைக்கராகச் சேர்ந்தவன். பெயர் மட்டும் சித்தருக்கு. பெரிய திரையில் ஆட்டம் ஓடும். கண்மூடி உட்கார்ந்திருக்கும் சித்தர் திடீரென எழுவார். "விழுந்துச்சு!" தேங்காய் சிதறும். சற்று நேரத்தில் திரையில் கோல் விழும். பிறகென்ன, வேலை கிடைக்காதவரும் விசா கிடைக்காதவரும் தாயத்து வாங்க வரிசை கட்டுவார்கள். தாயத்தில் ஒரு பக்கம் சூலம், மறுபக்கம் சிலுவை. எந்த வாடிக்கையாளரும் கைநழுவக் கூடாதல்லவா?

இதற்கிடையே ஏசுராஜுக்கு முழங்கால் ஜவ்வு கிழியத் தொடங்கியது. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் ஆட்ட வாழ்க்கையே முடிந்துவிடும் என்றார் கிளப் டாக்டர். கத்தி பட்டால் கோல் சக்தி ஓடிவிடும் என்றார் சித்தர். மீன் விற்று மகனை ஆளாக்கிய அந்தோணியம்மாள் சித்தரை நம்பினாள். மகன் தாயை நம்பினான். வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு ஆடினான்.

அவன் மனைவி மணிமொழி மட்டும் ஒன்றைக் கவனித்தாள். அவள் போனில் உள்ள ஸ்கோர் ஆப், 'கோல்' என்று காட்டிய பிறகுதான் சித்தர் எழுகிறார். அதற்கும் பிறகுதான் திரையில் கோல் விழுகிறது. இன்டர்நெட்டில் வரும் படம் கொஞ்சம் பின்தங்கி வருகிறது. அவ்வளவுதான் அற்புதம்!

"அத்தே, அந்தாளு முன்னாடியே தெரிஞ்சிக்கினு தேங்கா ஒடைக்கிறான்."

"சாமியப் பத்தி அப்டிலாம் பேசாத. எம்புள்ள காலு விஷயம்."

"எம்புருசன் காலு விஷயமும்தான்."

மண்டபத்தில் லேப்டாப்பை இயக்கும் ஜவஹர், ஏசுராஜோடு ஆடி வளர்ந்தவன். அடுத்த சனிக்கிழமை, மணிமொழி சொன்னபடி, அன்றைய ஆட்டத்துக்குப் பதிலாக அதே இரண்டு அணிகளும் போன வருடம் ஆடிய ஆட்டத்தைத் திரையில் ஓடவிட்டான். ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லார் கண்ணும் சித்தர் மேல்!

சித்தர் எழுந்தார். "விழுந்துச்சு!" தேங்காய் சிதறியது. திரையில் கோல்கீப்பர் நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மண்டபம் காத்திருந்தது. அவர் குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு, சித்தர் மறுபடி கண்மூடி உட்கார்ந்திருக்கும்போதே, திரையில் ஏசுராஜ் கோல் போட்டான்.

"இன்னா சாமி, கோல் வுழுந்துச்சு, நீ தூங்கிக்கினு கீற?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

மணிமொழி மேடையேறினாள். "இது போன வருச மேட்ச்சு. இன்னிக்கு மேட்ச்ல வுழுந்த கோலுக்குத்தான் சாமி தேங்கா ஒடைச்சாரு. ஞானக்கண்ணுக்கு வித்தியாசம் தெரில போல."

"நான்... போன வருசத்துக்கும் சேத்து பூஜை பண்ணேன்" என்றபடி சித்தர் நழுவப் பார்த்தார். தலைப்பாகை சரிந்தது. காதிலிருந்து இயர்போன் விழுந்தது. அந்தோணியம்மாள் அதை எடுத்துத் தன் காதில் வைத்தாள்.

"குருவே, ரெண்டாவது கோலும் வுழுந்துச்சு, சீக்கிரம் ஒடைங்க!" என்று கூவிக்கொண்டிருந்தான் எங்கோ ஒரு சீடன்.

அவள் யாரையும் அடிக்கவில்லை, ஏசவில்லை. ஆட்டம் முடிந்ததும் மகனை போனில் கூப்பிட்டாள். "ஏசு, டாக்டராண்ட போடா. அம்மா ஏமாந்துட்டேன்டா." சொல்லிவிட்டு அழுதாள்.

ஆபரேஷன் நடந்தது. அந்த சீசன் போயிற்று, கிளப்பும் கைவிட்டது. மறுவருடம் ஒரு சின்ன கிளப் அவனைச் சேர்த்துக்கொண்டது. காலில் பழைய வேகம் இல்லை. இப்போது பெரும்பாலும் தலையால் முட்டித்தான் கோல் போடுகிறான்.

சித்தர் அசோக் நகரில் கிரிக்கெட் சித்தராக போர்டு மாட்டியிருக்கிறார். அங்கேயும் வரிசை நீளம்தான். ஏசுராஜுக்காவது தலையால் பந்தை முட்டுகிற வேலை இருக்கிறது. நமக்கு அதுவும் இல்லை. யோசிக்கவாவது தலையைப் பயன்படுத்தலாமே!