ஏர்கூலரில் பிரசவ லேகியம்

ஒன்றுமே தெரியாதவனால் வீட்டுக்கு ஆபத்தில்லை. அவன் பாட்டுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பான். கொஞ்சம் தெரிந்தவன்தான் குடியைக் கெடுப்பான். நான் கொஞ்சம் தெரிந்தவன்.

ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் லேபில் எனக்கு வேலை. சுண்ணாம்புப் பொடியைச் சோதித்துச் சோதித்து, எதைக் கொடுத்தாலும் சோதித்துச் சொல்லிவிடலாம் என்ற திமிர் தலைக்கேறியிருந்தது. சிகரெட்டை விட்டுவிட்டதாக வீட்டில் சத்தியம் செய்துவிட்டு, பேட்டரியில் புகை விடும் வேப்பை ரகசியமாக இழுத்துக்கொண்டிருந்த காலம். (நம் நாட்டில் அது தடை செய்த சாமான். தெரிந்தேதான் இழுத்தேன். அதற்குத் தனியாக வெட்கப்படுகிறேன்.)

துபாயிலிருந்து லீவில் வந்திருந்த லெப்பைக்குடிக்காட்டு நண்பன் ரபீக் ஒரு குட்டி பாட்டிலைக் கையில் திணித்தான். வேப் திரவத்தை வீட்டிலேயே கலக்குகிறவர்கள் மணத்துக்குச் சேர்க்கும் எசன்ஸ். பெயர் ஜிஞ்சர்பிரெட். வெள்ளைக்காரர்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் இஞ்சி கேக்காம்.

"மோந்து பாத்துச் சொல்லு மாப்ள. நீதான் லேப் ஆளாச்சே. நல்லாருந்தா கலக்குவோம்."

மோந்தேன். இஞ்சி, கிராம்பு, பட்டை, அடியில் கருப்பட்டி மாதிரி ஒரு இனிப்பு. நல்ல வாசனை என்று சொல்லி முடித்திருக்கலாம். லேப் ஆள் அப்படி முடிப்பானா? காற்றில் பரவினால் எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டாமா?

அன்றைக்குப் பார்த்து என் அக்கா மலர்விழியைப் பெண் பார்க்கப் பெரம்பலூரிலிருந்து வருகிறார்கள். அதற்கு முன் வந்தவர்களெல்லாம் 'போய்ச் சொல்லி அனுப்புறோம்' என்று போனவர்கள்தான். இந்த மாப்பிள்ளையை போட்டோவிலேயே அக்காவுக்குப் பிடித்திருந்தது. "இது மட்டும் அமைஞ்சிரணும்டா" என்று என்னிடம் வாய்விட்டே சொன்னாள். அவள் அப்படியெல்லாம் சொல்கிறவள் இல்லை.

அரியலூர் வெயிலுக்காக ஹாலில் ஏர்கூலர் வைத்திருந்தோம். அதில் பழைய தண்ணீர் வாடை. இரண்டே சொட்டு விட்டால் வாடையும் போகும், சோதனையும் முடியும் என்று பாட்டிலைச் சாய்த்தேன். மூடி கழன்று, மொத்தமும் தண்ணீருக்குள் போய்விட்டது. வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம். சரி, நல்ல வாசனைதானே என்று சுவிட்சைப் போட்டேன். (மடையன்.)

கூலருக்கு நேர் எதிரில் உட்கார்ந்தவர் மாப்பிள்ளையின் அத்தை. "எம்பையன் டீகூட தொடமாட்டானுங்க" என்று அப்பா என்னைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். காபித் தட்டோடு அக்கா வந்தாள். அத்தை டம்ளரை எடுத்தார், மூக்கைச் சுளித்தார், டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா, வூட்ல புள்ள பெத்தவ யாராச்சும் இருக்காளா?"

அம்மா பதறிப்போய், "அதெல்லாம் இல்லீங்க. எங்க வூட்ல இருக்கிற ஒரே பொண்ணு இவதாங்க" என்றார்.

"பின்ன பிரசவ லேகியம் யாருக்குக் கிண்டுறீங்க? வாசப்படி தாண்டினதுமே சுக்கும் கருப்பட்டியுமா மணக்குதே! தீட்டு வூட்லயா எங்களைக் கை நனைக்கச் சொல்றீங்க?"

அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். அப்பாவுக்கு முகமே செத்துவிட்டது. நானோ, இப்போது சொன்னால் என் குட்டு உடையுமே என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். கூடப் பிறந்தவளின் மானம் சந்தி சிரிக்கும்போது என் வேப்பைக் காப்பாற்றிக்கொண்டு நின்றேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.

அத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டே எழுந்து கூலர் முன்னால் போய் நின்றார். "இதுலேருந்துல்ல வருது!"

"மூட்டு வலிக்கு... ஆவி பிடிக்க..." என்று ஆரம்பித்தேன். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. அதற்கு மேல் பொய் வரவில்லை.

"நான்தாங்க ஊத்துனேன். கரண்டு சிகரெட்டுல போடுற எசன்ஸுங்க. எங்கக்கா பாவங்க. எல்லாம் நான் பண்ணுன கருமம்" என்று சொல்லி, காலி பாட்டிலைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து நீட்டினேன். கூடவே வேப்பும் வந்து அப்பா காலடியில் விழுந்தது. செருப்பு எங்கே கிடக்கிறது என்று அப்பா தேடினார்.

அத்தை பாட்டிலை மோந்தார். கூலரை மோந்தார். என் பக்கமும் வந்து ஒரு தடவை மோந்தார்.

"அட நாசமாப்போறவனே! பொகை புடிக்கிறதுக்காடா லேகியம்?"

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. அடக்கப் பார்த்து முடியாமல் குலுங்கினார். அதைப் பார்த்து அக்கா, கண்ணீர் வழிய வழியச் சிரித்துவிட்டாள். அத்தை திரும்ப வந்து உட்கார்ந்து, ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார். "பொண்ணு தங்கமான பொண்ணு. பயலைத்தான் பத்தியத்துல போடணும்" என்றார். வேப்பை அப்பா அங்கேயே மிதித்து உடைத்தார். ரபீக்குக்கு, 'வாசனை ரொம்பத் தூக்கல்' என்று மட்டும் செய்தி அனுப்பினேன்.

கல்யாணம் ஆகி, அக்காவுக்கு மகள் பிறந்தாள். எங்கள் வீட்டில் நிஜமாகவே லேகியம் கிண்டினார்கள். அத்தைதான் கிண்டினார். முதல் உருண்டையை அக்காவுக்குக் கொடுக்காமல் என்னைக் கூப்பிட்டு உள்ளங்கையில் வைத்தார்.

"சோதிச்சுச் சொல்லு சாமி. நீ சொன்னாத்தான் அவளுக்குக் குடுக்கணும்."

உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "தின்னுடா" என்றாள் அக்கா, படுத்த வாக்கிலேயே. "இந்த வூட்ல மொதல்ல புள்ள பெத்தவன் நீதானே."

மருமகளுக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. என்னை மாமா என்று கூப்பிடச் சொல்லித் தருவார் யாருமில்லை. நான் படியேறினால் உள்ளே திரும்பிக் கத்துகிறாள்:

"அம்மா, லேகியம் வந்திருக்கு!"