புகையைக் குறைத்த கதையும் சந்திரமதி ரயிலேறியதும்

பெர்மாஸ் ஜெயா,
ஜொகூர் பாரு.

மரியாதைக்குரிய மைத்துனர் லோகேஸ்வரன் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் கமலநாதன் வணங்கி எழுதுவது. இங்கே நான் நலம் என்று எழுதத்தான் ஆசை. லாபிஸில் நீங்களும், எனக்குத் தங்கை முறையான உங்கள் மனைவி கஸ்தூரியும், போன வாரம் அங்கே வந்து இறங்கிய என் மனைவி சந்திரமதியும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன்.

மச்சான், அவள் உங்களிடம் எல்லாம் சொல்லி அழுதிருப்பாள். என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் மகள் ஷர்மினிதான். கோலாலம்பூரில் அவள் வேலை செய்யும் இடத்தில், நாடு வானத்துக்கு விடும் கரிப்புகையைக் கணக்கெடுக்கிறார்களாம். லீவுக்கு வந்தவள் சாப்பிடும்போது, "2005-ஐ விட 2030-க்குள்ள நாப்பத்தஞ்சு விழுக்காடு கொறைக்கணும்பா. நல்லாத்தான் போய்க்கிட்டு இருக்கு," என்றாள். "அப்ப புகை பாதியாயிடுச்சா?" என்று கேட்டேன். "அப்படி இல்லப்பா. நாட்டு வருமானத்தோட வச்சுப் பாத்தா கொறையுது. மொத்தமா பாத்தா..." என்று இழுத்துவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாள். உடனே சந்திரமதி, "உங்கப்பா தொப்பை மாதிரின்னு சொல்லு. சிலுவாரை இடுப்புல பெரிய சைஸா வாங்கிப் போட்டுக்கிட்டு, லூசாயிடுச்சேன்னு சந்தோசப்படுவாரு," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நாட்டுக் கணக்கு எப்படியோ போகட்டும், நம் வீட்டில் மொத்தத்தையே குறைத்துக் காட்டுகிறேன் என்று சபதம் போட்டேன். முதலில் ஏர்கோனை நிறுத்திச் சன்னல்களைத் திறந்தேன். தெருப்பூனை ஒன்று உள்ளே வந்து, அலமாரியில் சந்திரமதியின் பட்டுப் புடவை மேல் குட்டி போட்டது. மிஞ்சிய சாப்பாடு குப்பைமேட்டில் அழுகினால் அதுவும் கெட்ட வாயுவாம். அதனால் அதையெல்லாம் பின்வாசலில் ஒரு தொட்டியில் போட்டு உரமாக்கப் பார்த்தேன். உரம் ஆவதற்குள் மோப்பம் பிடித்துக்கொண்டு கால்வாயிலிருந்து ஓர் உடும்பு வந்துவிட்டது. என் கை நீளம் இருக்கும் என்கிறேன் நான். என் நீளம் இருக்கும் என்கிறாள் அவள். அன்றைக்கென்று பக்கத்து வீட்டு யோகேஸ்வரி, மகன் கல்யாணப் பத்திரிகையோடு வந்திருந்தார். "அலமாக்! உடும்பு லா!" என்று அவர் சோபாவில் ஏற, சந்திரமதி சாப்பாட்டு மேசையில் ஏற, வீட்டில் நிதானமாக இருந்தது அந்த உடும்பு மட்டும்தான்.

கல்யாணம் கோத்தா திங்கியில். கார் வேண்டாம், பஸ்ஸில்தான் போக வேண்டும் என்று நான் ஒரே பிடியாய் நின்றேன். பாதி வழியில் பஸ் பழுதாகி நின்றது, கொட்டோ கொட்டென்று மழை. சாலையோரத்தில் கல்யாண உடுப்போடு நனைந்துகொண்டு நின்ற எங்களைப் பார்த்து, செம்பனைக் குலை ஏற்றிவந்த லாரிக்காரர் ஒருவர், "ஏறுங்கம்மா, தாலி கட்டுறதுக்குள்ள கொண்டுபோய் விட்டுர்றேன்," என்றார். அந்த லாரி மேடு ஏறும்போது விட்டதே ஒரு கரும்புகை, அத்தனை நாளாக நான் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே மூச்சில் போய்விட்டது. மண்டப வாசலில் மாப்பிள்ளை காருக்கு முன்னால் லாரி போய் நிற்க, யாரோ பெரிய மனிதர் வந்துவிட்டார் என்று நாதஸ்வரக்காரர் எங்களைப் பார்த்து ஊத ஆரம்பித்துவிட்டார்.

மறுநாளே அவள் ரயிலேறிவிட்டாள். "காரைவிட ரயிலுக்குப் புகை கம்மி, சந்திரா," என்று பிளாட்பாரத்தில் பாராட்டினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதோடு சரி, போனை எடுப்பதே இல்லை.

மச்சான், வீட்டில் இப்போது அடுப்பும் எரியவில்லை, விளக்கும் எரியவில்லை. நாட்டிலேயே புகையில்லாத வீடு இதுவாகத்தான் இருக்கும். அதில் உட்கார்ந்துகொண்டு யாரிடம் பெருமை பேசுவேன்? தோற்றுப்போனேன். தொட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டேன், காரைக் கழுவி வைத்துவிட்டேன், ஏர்கோனை இப்போதே போட்டுவிட்டேன். நீங்கள்தான் நல்ல வார்த்தை சொல்லி அவளை அனுப்பிவைக்க வேண்டும்.

உங்கள் தோட்டத்துக்கு அளவான மழையும், உங்கள் சொல்லைக் கேட்கும் தங்கையும் அமையட்டும்.

இப்படிக்கு,
பணிவுள்ள கமலநாதன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் கஸ்தூரியின் போனிலிருந்து சந்திரமதி அழைத்தாள். "கோவமா? எதுக்குங்க? மழையில நனைஞ்சு என் போன் செத்துப்போச்சு. தோட்டத்துல டுரியான் பழம் விழுதுன்னு அண்ணன் கூப்பிட்டாரு, வந்தேன். சொல்லிட்டுதானே வந்தேன்? நீங்க எங்க கேட்டீங்க! அந்த லாரி சவாரிதாங்க கல்யாணத்துலயே நல்லா இருந்துச்சு," என்கிறாள். ஆகவே மேலே நான் தோற்றதாக எழுதியது எதுவும் செல்லாது, ஏர்கோனை அணைத்துவிட்டேன். நாளைக்கு நானும் வருகிறேன். காரில்தான், மச்சான், அந்த வாடைக்கு டுரியானை ரயிலில் ஏற்ற விடமாட்டார்களே. இந்தக் கடிதத்தையும் கையோடு கொண்டுவருகிறேன். தபால் வண்டியின் புகையாவது மிச்சம்.