நடுக்கூடத்து விமானம்

மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே என் கழுத்தையும் இரண்டு கால்களையும் தவிர எல்லாரும் நலம். அங்கே உங்கள் நலமும், மாடிப்படியில் தகராறு செய்வதாகச் சொன்ன உங்கள் முழங்காலின் நலமும் அறிய ஆவல். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். அந்தப் போன் உங்கள் தங்கை கையில் இருக்கிறது. அவள் காதில் விழாமல் உங்களிடம் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று இருப்பதால்தான் தாளையும் பேனாவையும் எடுத்தேன். கையெழுத்து பஸ் குலுக்கலில் எழுதியது மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நீங்கள் ஸ்பீக்கரில் பேசிய அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டம்மா காலமான பிறகு அவ்வளவு பெரிய வீட்டில் நீங்கள் ஒருவராகச் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது எங்களுக்கும் வருத்தம்தான். "மூணு மாசம் வந்து இரும்மா" என்றீர்கள், நியாயம். "மாடியில உனக்குன்னு ஒரு ரூம் ஒழிச்சு வச்சிருக்கேன், ஜன்னலைத் திறந்தா ஏரி தெரியும்" என்றீர்கள், சந்தோஷம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பிடிச்சிருந்தா இங்கேயே இருந்துடு" என்று ஒன்று சொன்னீர்கள் பாருங்கள், அது வெங்காயத்தைவிடக் காரமாக இருந்தது. இருந்தாலும் நான் பெருந்தன்மையான முகத்தை வைத்துக்கொண்டு, "தாராளமா போயிட்டு வா" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை, நீங்கள் அனுப்பிய விமான டிக்கெட் வந்த பிறகு சுத்தமாகவே இல்லை.

நான் நீண்டதூர பஸ் ஓட்டியவன் என்பது உங்களுக்குத் தெரியும். வேலையில் இருந்த காலம் முழுக்க என் பையைக் கட்டிக் கொடுத்தது அவள்தான்: துண்டு, மாற்றுச் சட்டை, தலைவலித் தைலம், தண்ணீர் பாட்டில். ஆகவே இந்தத் தடவை அவள் பையை நான் கட்டுவது என்று முடிவெடுத்தேன். "உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்றாள். பிரயாண சுகத்தைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். என் முதுகுக்குப் பின்னால் எத்தனை ஆயிரம் பேர் தூங்கியிருக்கிறார்கள்! வாயைத் திறந்து தூங்குபவர், பக்கத்தில் இருக்கும் யாரோ ஒருவர் தோளைச் சொந்தம் கொண்டாடுபவர், கம்பியில் தலை மோதி மோதியும் விழிக்காதவர், எல்லாரையும் கண்ணாடியில் பார்த்தவன் நான். என்ன ஒன்று, நான் இதுவரை எந்த வண்டியிலும் பயணியாக உட்கார்ந்து தூங்கியதில்லை. ஆட்டோவில் போனால்கூட என் வலது கால் பிரேக்கைத் தேடும்.

மாடி வீட்டு டீச்சர் இரண்டு தடவை விமானத்தில் போய் வந்தவர். அவரிடம் யோசனை கேட்டேன். கழுத்துக்குத் தலையணை, கண்ணுக்குப் பட்டி, காதுக்கு அடைப்பான், காலுக்கு இறுக்கமான நீள சாக்ஸ், ஒரு சால்வை, உதடு வெடிக்காமல் இருக்கத் தடவ ஏதாவது, அப்புறம் ஒரு காலி தண்ணீர் பாட்டில் என்றார். உள்ளே சோதனை முடிந்த பிறகுதான் தண்ணீர் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். உலகத்தில் எவனாவது காலி பாட்டிலோடு வீட்டை விட்டுக் கிளம்புவானா மச்சான்? நான் நிரப்பி வைப்பேன், அவள் கொட்டிவிட்டு வைப்பாள், நான் மறுபடி நிரப்புவேன். எங்கள் குடும்பத்தில் ஒரு வாரம் இந்த ஒரு விஷயத்தில்தான் அரசியல் நடந்தது.

கழுத்துத் தலையணை கடையில் கிடைக்கிறது, ஆனால் காற்றடைத்த சமாச்சாரம், பாதி வழியில் சூம்பிப்போய்விட்டால்? மெத்தைக் கடைக்காரரிடம் சொல்லித் தைக்கச் சொன்னேன். அவர் மிச்சம் இருந்த பஞ்சையெல்லாம் அதில் திணித்து, "ஆயுசுக்கும் உழைக்கும் சார்" என்று கொடுத்தார். மாட்டுக்கு நுகத்தடி பூட்டியது மாதிரி இருந்தது. பழகட்டும் என்று அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். தலையைத் திருப்ப முடியாது, குனிய முடியாது, நம் வீட்டு வாசல்படி எங்கே இருக்கிறது என்று எனக்கு நினைவில் இருந்ததே தவிரக் கண்ணில் படவில்லை. தடுக்கி விழுந்தேன். எதிர்க்கடை முடிவெட்டுபவர் பார்த்துவிட்டார். அவர் பார்த்தால் ஊர் பார்த்த மாதிரி. சாயங்காலத்துக்குள் என்னைக் கேட்காமலேயே எனக்கு லாரி மோதி, கழுத்தெலும்பு முறிந்து, கட்டும் போட்டாகிவிட்டது. ஒவ்வொருவராக ஆப்பிளோடு வந்து, என்னைப் பார்த்து "உச்" கொட்டிவிட்டுப் போனார்கள். முதல் மூன்று பேரிடம் விளக்கிச் சொன்னேன். நான்காவது ஆளிடம், "இப்ப பரவாயில்ல" என்று சொல்லிவிட்டேன், வேறு வழி? உங்கள் தங்கை உள்ளே போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துவிட்டு வந்து எல்லாருக்கும் காபி கொடுத்தாள்.

காது அடைப்பான் கதை வேறு. பரீட்சை பார்க்கிறேன் என்று போட்டுக்கொண்டாள். பால் பொங்கியது, அழைப்பு மணி அடித்தது, நான் கூடத்திலிருந்து கத்தினேன், அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மேகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கழற்றிவிட்டு, "இப்படி ஒரு சுகம் இருக்குன்னு இத்தனை வருஷமா யாருமே சொல்லலையே" என்றாள். அந்த முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்ததும் நான் அடைப்பானை வாங்கி டப்பாவில் போட்டு இறுக்கி மூடினேன்.

சரி, நேற்று மத்தியானம் ஒத்திகை வைத்தோம். யோசனை என்னுடையது, சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்ததும் நான்தான். கூடத்தில் ஜன்னலை ஒட்டி மூன்று நாற்காலி, முட்டி இடிப்பதற்காக முன்னால் இன்னொரு வரிசை. ஜன்னலோரம் அவள், ஓரத்தில் பை, நடுவில் நான், அதாவது முன்பின் தெரியாத பக்கத்து சீட் ஆசாமி. எஞ்சின் சத்தத்துக்குத் துணி துவைக்கும் இயந்திரத்தை ஓடவிட்டோம். மின்விசிறி முழு வேகம். அளவு பார்க்க வாங்கிய சாக்ஸை நானே மாட்டிக்கொண்டேன், அதற்கு உங்கள் தங்கை சுவரில் கால் ஊன்றி இழுக்க வேண்டியிருந்தது. அவள் கண்பட்டியைப் போட்டுக்கொண்டாள். இயந்திரம் துணியைப் பிழியத் தொடங்கியது, தரை அதிர்ந்தது, ஜன்னல் திரை வெள்ளையாக உப்பி எங்கள் இருவர் மடியிலும் வந்து விழுந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன் மச்சான், வீடு கிளம்பிவிட்டது. முதலில் கூடம் லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது, பிறகு தெரு கீழே போனது. கொடியில் காயும் என் சட்டைகள் கையசைத்தன, முடிவெட்டும் கடையின் சுழல் நாற்காலி ஒரு பொத்தான் அளவுக்கு ஆனது. திரும்பிப் பார்த்தால் எங்களுக்குப் பின்னால் வரிசை வரிசையாக, நான் ஒரு காலத்தில் ஏற்றிச் சென்றவர்கள் எல்லாரும் அதே மாதிரி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டியரிங்கில் யாரும் இல்லை. எனக்குப் பயமே வரவில்லை. என் வலது கால்கூடச் சும்மா கிடந்தது, சாக்ஸ் இறுக்கத்தில் மரத்துப்போயிருந்ததும் காரணமாக இருக்கலாம். எவ்வளவு நேரம் அப்படி மிதந்தேனோ தெரியாது.

"சார், எது வரைக்கும் போறீங்க?" என்று பக்கத்து சீட் கேட்டது.

கண்பட்டியைக் கழற்றாமலே கேட்கிறாள். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. "கடைசி வரைக்கும்மா. நீங்க?"

"அண்ணன் வீட்டுக்கு. தனியாப் போறது இதுதான் முதல் தடவை."

"வீட்டுக்காரர் வரலையா?"

"அவர் டிரைவர் சார். ராத்திரி பஸ். அவர் வண்டியில ஊரே தூங்கிட்டுப் போயிருக்கு. நான் ஒரு தடவைகூட ஏறினதில்ல."

"ஏன்மா, கேட்டிருக்கலாமே?"

"அவரே கூப்பிடட்டும்னு இருந்தேன் சார்."

என் மடியில் கிடந்த திரையை இழுத்து நீவிவிட்டேன். பக்கத்து சீட் ஆசாமிக்கு இதில் வருத்தப்பட என்ன நியாயம் இருக்கிறது? அவளே தொடர்ந்தாள். "வண்டியில எல்லாரும் தூங்குறப்போ வீட்டுல நான் முழிச்சுக்கிட்டு இருப்பேன் சார். இப்ப பாலம் தாண்டியிருப்பார், இப்ப டீ குடிக்க நிறுத்தியிருப்பார்னு நானும் படுத்தபடியே கூடப் போவேன். பயமாத்தான் இருக்கும். ஆனா அது ஒரு மாதிரி நல்லாவும் இருக்கும். அவருக்கு அதெல்லாம் தெரியாது."

இயந்திரம் வேகம் குறைந்து நின்றது. வீடு மெல்லப் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. நான் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, அந்நிய ஆசாமியின் குரலிலேயே கேட்டேன்: "திரும்பி எப்பம்மா வருவீங்க?"

கண்பட்டிக்குக் கீழே சீராக மூச்சு வந்துகொண்டிருந்தது. தூங்கிவிட்டாள்.

ஆகவே மச்சான், பின்வரும் காரணங்களால் உங்கள் தங்கையை விமானத்தில் அனுப்புவது உசிதம் இல்லை என்று தாழ்மையுடன் தெரிவிக்கிறேன். காதை அடைத்துக்கொண்டால் அவளுக்கு எந்த அறிவிப்பும் கேட்காது. முன்பின் தெரியாத ஆண்களிடம் குடும்ப விஷயத்தையெல்லாம் சொல்கிறாள். முக்கியமான கேள்வி கேட்கும் நேரம் பார்த்துத் தூங்கிவிடுகிறாள். கழுத்துத் தலையணைக்கே தனியாக ஒரு சீட் வாங்க வேண்டியிருக்கும். இதெல்லாம் சாக்கு என்று உங்களுக்கே தெரிந்திருக்கும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஏரி இருக்கிறது, தனி அறை இருக்கிறது, கூப்பிட அண்ணன் இருக்கிறார். இங்கே நான் மட்டும்தான் இருக்கிறேன். அவள் அங்கேயே இருந்துவிட்டால் எனக்கு வீடு என்று ஒன்று இருக்காது, நாலு சுவர்தான் இருக்கும். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், நீங்கள் இங்கே வந்துவிடுங்கள். ஒரு அறை ஒழித்துத் தருகிறேன். ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியாது, முடிவெட்டுபவர்தான் தெரிவார், ஆனால் பொழுது போகும்.

உங்கள் முழங்காலுக்கு எங்கள் அன்பும், உங்களுக்கு எல்லா நலமும் உரித்தாகட்டும். சாக்ஸ் நேற்றிலிருந்து கழல மறுப்பதால் என்னால் தெருவில் நடக்க முடியவில்லை. எனவே இதை உங்கள் தங்கையிடமே தபாலில் சேர்க்கக் கொடுக்கிறேன். உறையை நன்றாக ஒட்டிவிட்டேன், பிரித்துப் படிக்கும் வழக்கம் அவளுக்குக் கிடையாது.

என்றும் உங்கள் பணிவுள்ள,
தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: அண்ணா, இது நான் எழுதுறேன். தபாலாபீஸ் மேஜையில உட்கார்ந்திருக்கேன். அவர் ஒட்டின லட்சணத்துக்கு உறை தெருமுனையிலேயே வாயைப் பிளந்துடுச்சு, அதனால பிரிச்சுப் படிச்ச பாவம் எனக்கு இல்ல. இதுல இருக்கிற எதையும் மனசுல வச்சுக்காதே. நான் வரேன். தனியாத்தான் வரேன். அந்த நுகத்தடியை இங்கேயே விட்டுட்டு வரேன், காது அடைப்பானை மட்டும் மறக்காம எடுத்துக்கிட்டேன். ஏரி பார்க்கணும், உனக்கு மூணு மாசம் சமைச்சுப் போடணும், அவ்வளவுதான். திரும்பி வர்ற டிக்கெட்டையும் சேர்த்துத்தானே நீ எடுத்து அனுப்பினே? இவர் போற தேதியைப் பார்த்ததுமே கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டார், கீழே இருந்ததைப் படிக்கவே இல்ல. அப்புறம், நான் நேத்து தூங்கல. இவர் ஒவ்வொரு தடவையும் பையைத் தூக்கும்போது எப்ப வருவீங்கன்னு கேட்பேன். "வண்டி வந்தா வருவேன்"னு சொல்லிட்டுச் செருப்பை மாட்டிடுவார். அந்த பக்கத்து சீட் சாரும் ஒரு தடவை பதில் தெரியாம இருந்து பார்க்கட்டுமேன்னு கண்ணை மூடிக்கிட்டேன். திரும்பி வர்ற தேதியை நான் அங்க வந்து இறங்குற வரைக்கும் இவர்கிட்ட சொல்றதில்லைன்னுதான் வச்சிருந்தேன். ஆனா முடியாது போல இருக்கு அண்ணா. நான் வீட்டை விட்டு வந்து கால்மணி நேரம்கூட ஆகல, அதுக்குள்ள மாடி டீச்சர் போன்லேர்ந்து ரெண்டு தடவை கூப்பிட்டுட்டார், எப்ப வருவேன்னு கேட்டு.