வெறும் காத்துதான்

மாப்பிள்ளை வீட்டார் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தபோது வுர்யானிக்கு மறுபடியும் வந்துவிட்டது. நெஞ்சுக்குழியில் தொடங்கிய சூடு கழுத்து வழியாக ஏறிக் காதுமடல் வரை போனது. அரை மணி நேரம் செலவழித்துப் பூசிய பவுடர் இரண்டே நிமிடத்தில் வழிந்து, கெபாயா மேல்சட்டையின் லேஸ் கழுத்தில் வந்து தேங்கியது.

அவளுடைய இடுப்பில் ஐந்து மீட்டர் நீளக் கச்சை சுற்றியிருந்தது. அதைச் சுற்றிவிட்ட நாத்தனார் மூர்னி, தன் அண்ணன் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே தீர்ப்புச் சொன்னாள்.

"அண்ணி, உங்களுக்குக் காத்துப் பிடிச்சிருக்கு."

எங்கள் சோலோ ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் அது காற்றுதான். தலைவலி வந்தால் காற்று, வயிற்றைப் புரட்டினால் காற்று. போன வருஷம் மூர்னியின் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டபோதுகூட, காற்றுப் பிடித்துத்தான் விழுந்தார் என்று அவள் அடித்துச் சொன்னாள்.

இது காற்றில்லை என்று வுர்யானிக்குத் தெரியும். அவளுக்கு ஐம்பத்தோரு வயது. மாதவிலக்கு நின்றுபோய் எட்டு மாதமாகிறது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல மனம் வரவில்லை. சொன்னால் அன்றைக்கே தன்னைக் கிழவிகள் கணக்கில் சேர்த்துவிடுவார்கள் என்று பயம். அதிலும் மூர்னி மூன்று வயது இளையவள். கேள்விப்பட்டால் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடுவாள். கணவர் சுதார்மோவிடமும் சொல்லவில்லை. மகள் கினாந்தி மட்டும் நாலைந்து மாதத்துக்கு முன்னால் ஏதோ மாத்திரையும், சோயா பாலும், ஒரு விளக்கக் காகிதமும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "எனக்கென்ன வியாதியா? வெறும் காத்துதான்" என்று வுர்யானி அன்றைக்குச் சீறிய சீறலில் அந்தக் காகிதம் குப்பைக்குப் போய்விட்டது.

இன்றைக்கு அந்தக் கினாந்தியைத்தான் பெண் கேட்டு வருகிறார்கள். இருபத்தொன்பது வயதுவரை எந்தப் பையனையும் ஏறெடுத்துப் பார்க்காத பெண், பாகாஸ் என்ற பையனைக் கூட்டிவந்து நிறுத்தினாள். நல்ல பையன். எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டால் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே, "ஒரு வரிசையில" என்பார்கள். வங்கியிலோ மின்சாரக் கட்டண வரிசையிலோ இருக்கும் என்று வுர்யானி விட்டுவிட்டாள். எங்கே பார்த்தால் என்ன, பார்த்தார்களே, அதுவே பெரிது.

பயமெல்லாம் பையனின் தாயார் ஹார்யாத்தியைப் பற்றித்தான். அரண்மனைப் பக்கத்துக் குடும்பம். கணவரை இழந்து, பாத்திக் துணிக்கடையைத் தனியாளாக நடத்துகிறவள். மூத்த மகனுக்குப் பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில், தேநீரைத் தொடாமலே எழுந்து வந்தவள் என்று ஊரில் பேச்சு. அப்படிப்பட்டவளுக்கு முன்னால் வியர்த்து வழிந்துகொண்டு உட்கார முடியுமா? மகளின் வாழ்க்கை தன் முகத்துப் பவுடரில் கரைந்துபோய்விடக் கூடாதே என்று வுர்யானிக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது. அதனால், "ஆமாம் மூர்னி, காத்துதான் போலிருக்கு" என்று ஒத்துக்கொண்டாள்.

அதுதான் தப்பாகப் போயிற்று.

காற்று என்றால் சுரண்டித்தானே எடுக்க வேண்டும்? மூர்னி கெபாயாவின் பின்கழுத்தைத் தளர்த்தி, தைலத்தைத் தடவி, ஐநூறு ரூபியா நாணயத்தால் கழுத்திலிருந்து தோள்வரை தேய்த்தாள். தைலத்தின் எரிச்சலில் சூடு இரண்டு மடங்காயிற்று. சிவப்புச் சிவப்பாகக் கோடுகள் எழும்பின. "பாத்தீங்களா, எவ்வளவு காத்து" என்று மூர்னிக்கு ஒரே பெருமை. கண்ணாடியில் பார்த்தால், கெபாயாவின் கழுத்துக்கு மேலே நாலு சிவப்புக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. சம்பந்தம் பேசுகிற வீட்டில், யாரோ நகத்தால் பிறாண்டிய கழுத்தோடு பெண்ணின் அம்மா வந்து நின்றால் என்ன நினைப்பார்கள்?

கோடுகளை மறைக்க மூர்னி ஒரு சால்வையைப் போர்த்தினாள். கனமான சால்வை. உள்ளே சூடு இன்னும் ஏறியது. முகம் தக்காளியாவதைப் பார்த்து, காற்று முழுசாக வெளியே போகவில்லை என்று முடிவு செய்து, பனைவெல்லம் போட்ட இஞ்சிக் கஷாயம் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடிக்க வைத்தாள். குடித்து முடித்ததும் வுர்யானிக்குக் கண்ணே இருட்டியது. இந்த வீட்டில் தன்னைக் கொல்லாமல் இவள் ஓயமாட்டாள் என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

ஐஸ் பெட்டியைத் திறந்தால் ஐஸ் கட்டி ஒன்றுகூட இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு விற்பதற்காக மூர்னி செய்து வைத்திருந்த ரோஜா சர்பத் பாக்கெட் ஐஸ்தான் விறைத்துக் கிடந்தது. வுர்யானி ஒன்றை எடுத்துக் கழுத்தில் வைத்தாள். அப்பாடா. எட்டு மாதத்தில் இப்படி ஒரு சுகத்தை அவள் கண்டதில்லை. இதைக் கூடவே வைத்துக்கொள்ள ஒரு வழி வேண்டுமே என்று யோசித்தபோதுதான் தலையில் இருந்த கொண்டை நினைவுக்கு வந்தது. கடையில் வாங்கிய பொய்க்கொண்டை, உள்ளே காலி. இரண்டு பாக்கெட்டை அதற்குள் செருகி, நாலு கொண்டை ஊசியை அழுத்திக் குத்தினாள். வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டபோது, வுர்யானி மகாராணி மாதிரி நடந்து போனாள்.

வந்தவர்கள் நாலு பேர். பாகாஸ், அவனுடைய தாயார் ஹார்யாத்தி, பேச்சுக்காரராக வந்த பெரியப்பா மார்த்தோனோ, சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் சாஸ்மி அத்தை. அத்தை உட்கார்ந்ததுமே பலகாரத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவளுடைய வாய்க்கு வேறு வேலை இருக்கவில்லை.

ஹார்யாத்தியின் தோளிலும் ஒரு சால்வை இருந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை. சோபாவில் உட்காரச் சொன்னால், வாசல் பக்கத்து மர நாற்காலிக்குப் போனாள். கையிலிருந்த விசிறியை விரித்து வேகவேகமாக வீசினாள். சுதார்மோ பணிவாக நீட்டிய தேநீரை வாங்கி, அப்படியே கீழே வைத்துவிட்டாள். மூர்னி வுர்யானியின் விலாவில் இடித்தாள். வுர்யானிக்குச் சூடு மறுபடியும் கிளம்பியது.

எழுந்து ஜன்னலையெல்லாம் திறந்தாள். வாசல் கதவைச் சுவரோடு சாய்த்தாள். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, தனக்கு நேராகத் திருப்பினாள். எங்கள் ஊரில் விருந்தாளி உட்கார்ந்திருக்கும்போது வாசல் கதவை இப்படி விரியத் திறந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும், போய் வாருங்கள் என்று அர்த்தம். ஆனால் உடம்பு பற்றி எரிகிறபோது அர்த்தமெல்லாம் யார் பார்க்கிறார்கள்? மார்த்தோனோ பெரியப்பா கதவைப் பார்த்தார், பிறகு தம் செருப்பைப் பார்த்தார்.

சோலோக்காரர்கள் "வேண்டாம்" என்ற வார்த்தையை வாழ்நாளில் சொல்ல மாட்டார்கள். அதனால் எதிராளி எதைச் சொல்லாமல் சொல்கிறார் என்று கண்டுபிடிப்பதிலேயே எங்களுக்குப் பாதி ஆயுள் போய்விடும். பெரியப்பா அந்தக் கலையில் தேர்ந்தவர்.

அவர் தொண்டையைச் செருமி, இந்தத் தோட்டத்தில் ஒரு பூ இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்திருக்கிறோம் என்று இழுத்து இழுத்து ஆரம்பித்தார். ஒட்டரிசி இனிப்புத் தட்டை முறைப்படி முன்னால் நகர்த்தினார். ஒட்டிக்கொள்ளும் இனிப்பு, உறவும் ஒட்ட வேண்டும் என்பதற்காகக் கொண்டுவருவது. பெண்ணின் தாயார் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். வுர்யானி கையை நீட்டப் போன அந்த நேரத்தில்தான் கொண்டைக்குள் ஒரு பாக்கெட் கிழிந்தது.

முதல் சொட்டு நெற்றி ஓரமாக இறங்கிக் கன்னத்தில் வழிந்தது. அவள் அவசரமாகக் கையை இழுத்துத் துடைத்தாள். இன்னொரு சொட்டு. இந்தக் கன்னத்தைத் துடைத்தால் அந்தக் கன்னம். தட்டு நடுவில் தனியாகக் கிடந்தது.

"அம்மா அழறாங்க" என்றார் பெரியப்பா மெதுவாக.

தாய் அழுவது வழக்கம்தான் என்று சுதார்மோ சமாளித்து, தாம் எழுதி வைத்திருந்த நாலு பக்கப் பதிலைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார். படிக்கப் படிக்கச் சொட்டு தாரையாகிவிட்டது. சாதாரணக் கண்ணீராக இருந்தாலும் பரவாயில்லை, இளஞ்சிவப்பாக இருந்தது. வெள்ளை லேஸில் வட்டம் வட்டமாக விழுந்தது. மூர்னி ஓடிவந்து அதை விரலால் ஒற்றி, நக்கிப் பார்த்துவிட்டு, திருதிருவென்று விழித்தாள்.

பெரியப்பா எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தார். கதவு திறந்தாயிற்று. இனிப்பைத் தொடவில்லை. ரத்தக் கண்ணீர் வேறு. வாசல் பக்கம் திரும்பி, மேகமே இல்லாத வானத்தைப் பார்த்தார்.

"மழை வர்ற மாதிரி இருக்கு" என்றார். "தோட்டக்காரங்க மனசு நோகப் பூப்பறிக்கிறது எங்க வழக்கம் இல்லீங்க. நாங்க கிளம்பறோம். இன்னொரு நாள் பார்க்கலாம்."

இன்னொரு நாள் என்றால் எங்கள் ஊரில் எந்த நாளும் இல்லை. அது அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். உள்வாசலில் தேநீர்த் தட்டோடு நின்ற கினாந்தியின் முகம் வெளுத்தது. பாகாஸ் பாதி எழுந்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றான்.

மகளின் அந்த முகத்தைப் பார்த்ததும் வுர்யானிக்கு வெட்கமெல்லாம் எங்கேயோ பறந்துவிட்டது.

"உட்காருங்க" என்றாள். "இது கண்ணீர் இல்லைங்க, ரோஜா சர்பத். கொண்டைக்குள்ள ரெண்டு பாக்கெட் ஐஸ் வெச்சிருக்கேன். எனக்கு நின்னுபோய் எட்டு மாசமாச்சு. உடம்பு கொதிக்குது. காத்து கீத்து எதுவும் இல்லை. என் பொண்ணைக் குடுக்க எனக்குப் பூரண சம்மதம், அது மட்டும் உங்களுக்குப் புரிஞ்சா போதும்."

சோலோவில் ஒரு கூடத்தில் இவ்வளவு நேரடியாக யாரும் பேசி நான் கேள்விப்பட்டதில்லை. பெரியப்பாவின் வாய் திறந்தபடி நின்றது. சுதார்மோவுக்குக் காகிதத்தில் எந்த வரியில் விட்டோம் என்று தெரியவில்லை.

"அப்போ எட்டு மாசமா ராத்திரியெல்லாம் ஃபேன் காத்துல நான் ரெண்டு போர்வைக்குள்ள நடுங்கிக்கிட்டுப் படுத்திருக்கிறது இதனாலதானா?" என்றார்.

ஹார்யாத்தி எழுந்தாள். விசிறியை மடக்கினாள். எல்லாம் முடிந்தது என்று வுர்யானி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது, அரண்மனைப் பக்கத்துச் சம்பந்தியம்மாள் அவளுக்கு மிக அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இன்னொண்ணு இருக்கா?"

தன் சால்வையை ஹார்யாத்தி விலக்கிக் காட்டினாள். கழுத்தில் ஆறு சிவப்புக் கோடுகள், நாணயத்தால் சுரண்டிய புத்தம் புதுக் கோடுகள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது வேலைக்காரி பலவந்தமாகச் சுரண்டிவிட்டாளாம். மூத்தவனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் அப்படித்தானாம். கொதிக்கிற தேநீரைப் பார்த்ததுமே மயக்கம் வந்து எழுந்து ஓடினாளாம்.

அதற்கப்புறம் கூடத்தின் நிலவரமே மாறிவிட்டது. சம்பந்திகள் இரண்டு பேரும் மின்விசிறிக்கு முன்னால் ஒரே சோபாவில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாக்கெட் ஐஸைக் கழுத்தில் வைத்துக்கொண்டு, எந்த நேரத்தில் யாருக்குச் சூடு கிளம்புகிறது என்று விலாவாரியாகப் பேசினார்கள். ஐஸுக்கு யார் பதில் சொல்வது என்று மூர்னி முனகியதை யாரும் காதில் வாங்கவில்லை. வுர்யானி ஒட்டரிசி இனிப்பை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு பெரிய துண்டை வாயில் போட்டு, இன்னொன்றைச் சம்பந்திக்கு ஊட்டிவிட்டாள். பெரியப்பா வானத்தைப் பார்த்து, மழை வராது போலிருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். கல்யாணத் தேதியும் குறித்தாயிற்று. எட்டு மாதத்தில் முதல்முறையாக வுர்யானிக்கு உடம்பும் மனமும் சேர்ந்து குளிர்ந்தன. இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

"ஆமா, இதுங்க ரெண்டும் எந்த வரிசையில பாத்துக்கிட்டாங்கன்னு உங்ககிட்டயாவது சொன்னாங்களா?" என்று சம்பந்தியிடம் கேட்டாள்.

"என்கிட்டயும் வரிசைன்னுதான் சொன்னான். தபால் ஆபீஸா இருக்கும்னு விட்டுட்டேன்" என்றாள் ஹார்யாத்தி.

கினாந்தி பாகாஸைப் பார்த்தாள். பாகாஸ் தரையைப் பார்த்தான். வந்ததிலிருந்து வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாத சாஸ்மி அத்தை, கடைசிப் பலகாரத்தை விழுங்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தபால் ஆபீஸும் இல்லை, ஒண்ணும் இல்லை. எங்க சுகாதார நிலையத்துல, மாதவிலக்கு நிக்கிற வயசுப் பொம்பளைங்களுக்கான வியாழக்கிழமை வரிசை. நம்பர் சீட்டு குடுத்ததே நான்தான். 'நோயாளி எங்க?'ன்னு கேட்டா, ரெண்டு பேரும் ஒரே மூச்சில சொன்னாங்க: 'அம்மா வரமாட்டாங்க, வெறும் காத்துதானாம்.'"