வேண்டுமென்றே விட்ட நாலரை சென்டிமீட்டர்

தலைக்கு டை அடிக்கிறவன் எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. முதலில் வகிட்டைத்தான் பார்ப்பான். இருபத்தொன்பது வருடம், பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை, மொத்தம் எண்ணூற்று எண்பத்திரண்டு தடவை டை அடித்தவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன். (ஒவ்வொரு முறையும் காலண்டரில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். அது என்ன புள்ளி என்று வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.)

என் உத்தியோகமும் அப்படிப்பட்டது. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்துநான்கு வருடம் பெயின்ட் பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்தேன். பெயின்ட் அடித்து வருகிற வண்டியைச் சுற்றி வந்து, எங்காவது அடிப்பூச்சு தெரிந்தால் சாக்பீஸால் வட்டம் போடுவதுதான் வேலை. வட்டம் போட்ட வண்டி திரும்பிப் போகும். பெயின்டர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அதில் எனக்குப் பிடிக்காதது ஒன்று: "வேணும்னே விட்டது சார்." இதைச் சொன்னவர்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் கூடுதலாக ஒரு வட்டம் போட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு வட்டம் போட வண்டி இல்லை. மகள் இருந்தாள்.

ஷெர்லி எங்களுக்கு ஒரே பெண். அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவளுக்கு வந்த வரன்களில் ஆறு கைகூடவில்லை. ஏழாவது குமணன்சாவடியிலிருந்து வந்தது. பையன் அருள். அப்பா இல்லை. அம்மா பிலோமினா பன்னிரண்டு தையல் மிஷின் போட்டு, ஆள் வைத்துத் தொழில் நடத்துகிறவர். பையனுக்கும் பெண்ணுக்கும் போனில் பேசியே பிடித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் அம்மாவும் மகனும் வந்து, முதல் முறையாகப் பெண்ணை நேரில் பார்த்துச் சம்மதம் சொல்வதாக ஏற்பாடு. எனக்கு அப்போது அறுபத்தேழு வயது. இதுவும் தட்டிப்போனால் எட்டாவதைப் பார்க்க நான் இருப்பேனா என்பதுதான் அந்த வாரம் முழுக்க என் கவலை.

அந்த நிலையில், சனிக்கிழமை மத்தியானம், ஷெர்லி பார்லரிலிருந்து வந்தாள்.

முடி தேன் நிறத்தில் பளபளத்தது. ஆனால் அடியில், வகிட்டின் இருபுறமும், பழைய கறுப்பு அப்படியே இருந்தது. சட்டைப் பையிலிருந்து ஆறு அங்குல இரும்பு ஸ்கேலை எடுத்தேன். (வைத்திருப்பேன். தேவைப்படும்.)

"கொஞ்சம் குனி."

"என்னப்பா?"

"நாலரை சென்டிமீட்டர். நாலரை சென்டிமீட்டர் கலரே படலை. நீ கண்ணாடியே பாக்காம எழுந்து வந்துட்டியா?"

"ஐயோ, அதுதாம்ப்பா இப்ப ஸ்டைலு. ரூட் ஷேடோன்னு பேரு. அடியில வேணும்னே டார்க்கா விடுவாங்க. முடி வளர்ந்தாலும் வித்தியாசம் தெரியாது. நாலு மாசத்துக்குப் பார்லர் பக்கமே போக வேணாம்."

வேணும்னே! முப்பத்துநான்கு வருடத்தில் மூன்று பேர் சொன்னதை என் வீட்டுக் கூடத்திலேயே நாலாவது ஆளாக என் மகள் சொல்கிறாள். விடுவேனா? மறுபடி போய் மிச்சத்தை முடித்துவிட்டு வரச் சொன்னேன். மாட்டேன் என்றாள். என் மனைவி ஸ்டெல்லாவை நடுவராகக் கூப்பிட்டேன்.

"அவ தலை, அவ முடி. நீங்க உங்க தலையப் பாருங்க" என்றாள்.

அதை நான் வெறும் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். அது தகவல் என்று மறுநாள்தான் புரிந்தது. வியாழக்கிழமை அடிக்க வேண்டிய டையை, ஞாயிற்றுக்கிழமைக்குப் புதிதாக இருக்கட்டும் என்று சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்திருந்தேன். சனிக்கிழமை முழுவதும் சண்டையில் போயிற்று. இருபத்தொன்பது வருடத்தில் காலண்டரில் புள்ளி தவறியது அந்த ஒரு தடவைதான்.

ஞாயிறு காலை பத்து நாற்பதுக்கு வந்தார்கள். அருள் பைக்கை நிறுத்தினார். பின்னாலிருந்து பிலோமினா அம்மா இறங்கினார். கோயிலில் பூசைக்குப் போட்ட முக்காடு, வழியெல்லாம் தூசி என்பதால், அப்படியே தலையில் இருந்தது. உட்கார்ந்த பிறகும் அவர் அதை எடுக்கவில்லை. நானும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

ஷெர்லி காபி கொண்டுவந்தாள். முடியைப் பின்னிப் போடு என்று நான் ஆறு தடவை சொல்லியும் விரித்துத்தான் விட்டிருந்தாள். பிலோமினா அம்மா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அந்தப் பார்வை வகிட்டில் ஒரு கணம் நின்றது. அரைகுறை வேலை என்று இந்த அம்மாள் நினைத்துவிட்டால் ஏழாவதும் போயிற்று. அவர்கள் குறை சொல்லும் முன் நாமே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது என்று முடிவு செய்தேன்.

"ஒரு விஷயம்மா. பின்னாடி நீங்க தப்பா நினைக்கக் கூடாது. பொண்ணோட முடியப் பாத்தீங்க இல்லையா?"

"பாத்தேனே. சோக்காத்தான கீது."

"பெரிய மனசு பண்ணிச் சொல்றீங்க" என்று ஸ்கேலை எடுத்தேன். "அடியில நாலரை சென்டிமீட்டர் கலர் போடாம விட்டுட்டாங்கம்மா."

"அப்பா" என்றாள் ஷெர்லி.

"இருடி. எங்க ஃபேக்டரியில இப்படி ஒரு வண்டி வெளிய போகாது. இந்த மாதிரி பாதித் தலையோட தெருவுல நடக்கிறவங்களப் பாத்தா எனக்கு என்ன தோணும் தெரியுமா? பொறுமை கிடையாது. பொறுப்பு கிடையாது. வீட்டுல கண்ணாடி கிடையாது."

"அப்பா!"

மேஜைக்கு அடியில் ஏதோ என் காலை மிதித்தது. மேஜைக் கால் என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தேன்.

"ஆனா எம்பொண்ணு அப்படி இல்லம்மா. பார்லர்காரங்க ஏமாத்திட்டாங்க. வர்ற புதன்கிழமைக்குள்ள மிச்சத்தையும் முடிச்சுடறோம்."

"அப்பா..." இந்த மூன்றாவது 'அப்பா' கிட்டத்தட்ட அழுகை.

பிலோமினா அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னா வெக்க, வேர்த்து ஊத்துது" என்று சொல்லிக்கொண்டே முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டார்.

முடி தோள்வரை வெட்டியிருந்தது. செம்பு நிறம். அடியில் கறுப்பு. ஐந்து சென்டிமீட்டர் இருக்கும். (அளக்கவில்லை. கண்பார்வையில் சொல்கிறேன்.)

இந்த இடத்தில் புத்தியுள்ள மனிதன் எழுந்து சமையலறைக்குப் போயிருப்பான். என் வாயில் முப்பத்துநான்கு வருடப் பழக்கம் உட்கார்ந்திருந்தது.

"அடடா, உங்களையும் ஏமாத்திட்டாங்களாம்மா?" என்றேன்.

அருள் வாய்வரை கொண்டுபோன முறுக்கைத் தட்டில் திருப்பி வைத்தார். ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபம் என்று நினைக்கிறேன். என் கையிலிருந்த ஸ்கேல் நழுவி, டங்கென்று தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு நன்றி சொல்லி, எடுப்பதற்காகக் குனிந்தேன்.

"அண்ணாத்தே, அப்டியே இருங்க. நிமிராதீங்க" என்றார் பிலோமினா அம்மா.

இருந்தேன். அவர் எழுந்து வந்து என் தலைக்கு நேரே நிற்பது, தரையில் தெரிந்த செருப்பில்லாத கால்களிலிருந்து தெரிந்தது.

"நடு மண்டையில வெள்ளையா ஒரு கோடு ஓடுதே, ஹைவே ரோட்ல போட்டாப்ல! மேல கறுப்பு, அடியில வெள்ள. அந்த ஸ்கேல இப்டிக் குடுங்க. அர சென்டிமீட்டர் கீது. இத்த எந்தப் பார்லர்காரன் உட்டான்?"

தரையைப் பார்த்தபடி யோசித்தேன். வியாழக்கிழமை, சனிக்கிழமை, புள்ளி, எல்லாவற்றையும் விளக்கலாம். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"அது... வேணும்னே விட்டதும்மா."

முதலில் சிரித்தது அருள். வந்ததிலிருந்து அவர் எழுப்பிய முதல் சத்தம் அதுதான். அடுத்து ஷெர்லி. கண்ணைத் திறக்காமலே ஸ்டெல்லா. பிலோமினா அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏம்மா ஷெர்லி, ஒங்க நைனாவும் நம்ம கட்சிதான்!" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நல்ல ஜீன்ஸக் குடுத்து முட்டிகிட்ட கிழிச்சுத் தெச்சுக் குடுன்னு கேக்குறாங்க அண்ணாத்தே. நான் தெச்சுக் குடுக்குறேன். அதுவும் வேணும்னேதான். சரி, எங்களுக்கு நக வாணாம், சீர் வாணாம். ஒரே ஒரு கண்டிஷன். வேணும்னே உட்டத அப்டியே உட்ரணும். கல்யாணம் வரிக்கும் நீங்களும் டை அடிக்கக் கூடாது, பொண்ணு தலையிலயும் கை வெக்கக் கூடாது."

நான் நிமிர்ந்து ஒப்புக்கொண்டேன். வேறு வழி என்ன இருந்தது?

கல்யாணம் மூன்று மாதம் பத்து நாள் கழித்து. என் நுனி முடியை வெட்டக் கூடாது என்று நான் போகும் சலூனுக்கே ஷெர்லி போன் போட்டுச் சொல்லிவிட்டாள். கல்யாணத்தன்று காலை, வெள்ளைக் கவுனும் முக்காட்டு நெட்டுமாக வந்து, என் பையிலிருந்து ஸ்கேலை உருவினாள்.

"கொஞ்சம் குனிங்கப்பா."

குனிந்தேன்.

"நாலரை சென்டிமீட்டர்" என்றாள். பிறகு அந்த இடத்தில் ஒரு முத்தம் வைத்தாள். கோயிலில் பீடத்துக்கு முன் அவளைக் கைபிடித்துக் கூட்டிப் போகும்போது, அடி வெள்ளையாகவும் நுனி கறுப்பாகவும் இருந்த என் தலையைப் பற்றிப் பதினேழு பேர் விசாரித்தார்கள். பதினேழு பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன்.

நான்கு வருடமாகிறது. அதற்குப் பிறகு நான் டை அடிக்கவில்லை. அடியும் நுனியும் ஒரே வெள்ளை. காலண்டரில் புள்ளி இல்லை. ஆனால் 'வேணும்னே விட்டது' என்ற வாக்கியம் மட்டும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. சட்டையில் ஒரு பட்டன் இல்லையா, பாத்ரூம் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறதா, அருள் பெட்ரோல் போட மறந்து திருமுல்லைவாயலில் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தாரா, எல்லாவற்றுக்கும் அதே விளக்கம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். மீன் குழம்பில் உப்பு இல்லை. நான் தட்டிலிருந்து கையை எடுத்தேன். வாயைத் திறப்பதற்குள் மனைவி, மகள், மருமகன், சம்பந்தியம்மா நான்கு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

உப்பை நானே எழுந்து போய் எடுத்து வந்தேன்.