ஒட்டகத்தார் முடித்த சம்பந்தம்

ஜாதகக் கட்டத்தைப் பார்க்காமல், ஒட்டகத்தையும் ஆந்தையையும் பார்த்துக் கல்யாணம் முடித்த ஒரே தரகர், உலகத்திலேயே எங்கள் ஒத்தக்கடை ஒட்டகத்தார்தான்.

மனுசரில் இரண்டே வகை என்பார். வெயிலில் சுமை தூக்கிக்கொண்டு தண்ணீர் கேட்காமல் நடப்பவர் ஒட்டகம். ஊர் தூங்கும்போது விழித்திருந்து காரியம் பார்ப்பவர் ஆந்தை. ஒட்டகத்துக்கு ஒட்டகத்தைக் கட்டினால் வீட்டில் பேச்சே இருக்காது. ஆந்தைக்கு ஆந்தையைக் கட்டினால் அக்கம்பக்கம் தூங்க முடியாது. மாற்றித்தான் கட்டவேண்டும். ஒட்டகத்தாரே எந்த வகை என்று சொல்வது கஷ்டம். நீளக் கழுத்தை ஆட்டி வெற்றிலை மெல்லும்போது ஒட்டகம். கண்ணாடி போட்டதும் ஆந்தை.

மேலூர்ப் பக்கம் ஒரு வீட்டில் பெண்ணின் தாய்மாமனை அசல் ஆந்தை என்று மெச்சப்போய், கேசரித் தட்டை இவர் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டார்களாம். எங்களிடம் சொன்னபோது கேசரிக்காகத்தான் வருத்தப்பட்டார்.

என் மகள் நர்ஸ். மாதத்தில் பாதி ராத்திரி டூட்டி. அதைக் கேட்டதுமே வந்த சம்பந்தமெல்லாம் திரும்பிப் போனது. நானும் என் வீட்டுக்காரியும் போகாத கோயில் இல்லை. கடைசியில் ஒட்டகத்தார் ஒரு இடம் கொண்டுவந்தார். பையனுக்குத் துபாயில் கட்டட வேலை.

"அண்ணே, நல்ல காரியம். ஆந்தைன்னு மட்டும் சொல்லிப்புடாதீங்க" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தலையாட்டினார்.

பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்குப் பிடித்துவிட்டது. அவனுடைய அம்மாதான் காபியைத் தொடாமலே, ராத்திரி வேலைக்குப் போகிற மருமகள் தங்களுக்குச் சரிவராது என்று எழுந்துவிட்டார். என் வீட்டுக்காரி அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒட்டகத்தார் எழவில்லை.

"மதினி, ஒங்க மகன் அம்புட்டு வெயில்ல ஒட்டகமா ஒழைக்கிறாரு, சரி. போன வருசம் வயித்து ஆப்பரேசன்னு நீங்க ஆசுபத்திரியில கெடந்தீகள்ல, ராவெல்லாம் முழிச்சிருந்து டிரிப்ஸ் மாத்துனது யாரு? ஒட்டகமா, ஆந்தையா?"

எனக்கு உயிரே போய்விட்டது. மீனாட்சித் தாயே என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்திருந்தார்.

"ஆந்தைதேன்" என்றார். பிறகு குரல் இறங்கியது. "யாரு பெத்த பிள்ளையோ, விடியவிடிய எங் கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு."

ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார்.

மகள் இன்றும் ராத்திரி டூட்டிக்குத்தான் போகிறாள். டிபன் பாக்ஸ் கட்டிக்கொடுப்பது மாமியார்.

போன வெள்ளிக்கிழமை ஒட்டகத்தாருக்காக அம்மனுக்கு ஓர் அர்ச்சனை செய்தேன். பட்டர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அப்போதுதான் இரண்டுமே எனக்குத் தெரியாது என்று உறைத்தது. "ஒட்டகத்தார்னே சொல்லுங்க சாமி" என்றேன். "அம்மனுக்கு ஆளைத் தெரியும்."