நாற்பத்தைந்தாம் நம்பரில் யார்?

தப்பு உங்கள் மேல் இல்லை என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்து, அடுத்தவர் பிழைப்புக்கு உலை வைத்திருக்கிறீர்களா? நான் வைத்திருக்கிறேன். அதுவும் ஸ்பீக்கர் போனில், நாலு பேர் கேட்க.

இரண்டாயிரத்து இரண்டோ மூன்றோ. கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரி வாங்கிய சூட்டோடு (அரியர் இல்லாமல் என்று எழுத ஆசைதான்) ராயபுரத்தில் ஒரு கன்டெய்னர் கம்பெனியில் சேர்ந்தேன். கன்டெய்னர்கள் நிற்கும் யார்டு எண்ணூர் ரோட்டில். அங்கே ஒரு சர்வர், இங்கே ஒரு சர்வர், நடுவில் வாடகைக்கு எடுத்த லைன். நான் இங்கிருந்து யார்டு சர்வருக்குள் லாகின் செய்து கேட் பாஸ் போட்டால்தான் அங்கே வண்டி வெளியே போகும். யார்டு ஆட்கள் தாங்களே பாஸ் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது முதலாளி சட்டம்.

அன்று காலை லாகின் போகவில்லை. அடித்தால், இணைக்க முடியாது என்று முகத்தில் அறைந்த மாதிரி ஒரே வரி. சரி என்று பிங் அடித்தேன். (பிங் என்பது ஒன்றுமில்லை, கதவைத் தட்டி ‘இருக்கியா?’ என்று கேட்பது.) ‘கீறேன்’ என்று உடனே பதில். மறுபடி லாகின். மறுபடி அறை. ஆள் உள்ளே உட்கார்ந்துகொண்டே தாழ்ப்பாளைத் திறக்க மாட்டேன் என்றால் என்ன செய்வது?

போன் அலறியது. யார்டு ஆபரேட்டர் சுகுணா. காலடிப்பேட்டைக்காரி, வாய் கொஞ்சம் நீளம்.

“இன்னா சார், பாஸ் வருமா வராதா? இறால் வண்டி கேட்டாண்ட நின்னுகினு கீது. ஒரு மணிக்குள்ள ஹார்பர் உள்ள போவலன்னா கப்பல்ல ஏத்த மாட்டானுங்கோ.”

“சர்வர்ல கை வெச்சியா?”

“எனுக்கு வேற வேல இல்ல?”

பின்னால் டிரைவர் யூசுப் அண்ணன் குரல்: “டோல்கேட்டாண்ட லாரிக்காரனுங்கோ லைன் கட்டிடுவானுங்கோம்மா! அந்த இஞ்சினீர இங்க வரச் சொல்லு, ஒரே மிதி, வண்டி ஸ்டார்ட் ஆயிடும்!”

என் சர்வரை அணைத்துப் போட்டேன். கேபிளை மாற்றினேன். பாஸ்வேர்டைத் திட்டிக்கொண்டே அடித்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பிங் மட்டும் ‘கீறேன், கீறேன்’ என்று ஜாலியாக ஓடிக்கொண்டிருந்தது.

முதலாளி லைனுக்கு வந்தார். அன்றைக்குப் பார்த்து அவர் யார்டில், இறால் பார்ட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. ஸ்பீக்கரை வேறு போட்டுவிட்டார்.

“இன்னாடா நைனா, பேஜார் பண்ற?”

“இங்க எல்லாம் கரெக்டா கீது மொதலாளி. அங்கதான் யாரோ சர்வர்ல கை வெச்சிருக்காங்க. சத்தியமா.”

யாரோ! அந்த சர்வர் பக்கம் போகிற ஒரே ஜீவன் சுகுணாதான்.

“கப்பல் போச்சுன்னு வையி,” என்றார் முதலாளி அவளிடம். “நீ அப்டியே வூட்டுக்குப் போயிடு.”

அவள் சின்னக் குரலில், “வூட்ல நான் ஒருத்திதான் சம்பாரிக்கிறேன் சார். இன்னா பண்ணணும்னு சொல்லு, பண்றேன்” என்றாள்.

திமிர் பிடித்த சுகுணாவைச் சமாளிக்கலாம். இந்தக் குரலை முடியவில்லை.

“சர்வர் பின்னால நெட்வொர்க் கேபிள் கீது பார். அத்தப் புடுங்கி, நான் சொன்னதும் சொருவு.”

“புடுங்கிட்டேன்.”

என் ஸ்கிரீனில் ‘கீறேன், கீறேன்.’

“புடுங்கிட்டியா?”

“கைல புடிச்சிகினு நிக்கிறேன். வந்து பாக்கிறியா?”

‘கீறேன்.’

காலேஜில் கட் அடித்தவனுக்குக் கடைசி பெஞ்சிலிருந்து எவனோ ‘பிரசன்ட் சார்’ சொல்வானே, அந்தப் பிராக்சி! சர்வர் கிளாஸிலேயே இல்லை. வேறு எவனோ கை தூக்குகிறான். அப்போதுதான் ஒவ்வொரு பதிலின் ஓரத்திலும் நின்ற நம்பரைப் பார்த்தேன். நாற்பத்தைந்தில் முடிந்தது.

முந்தின நாள்தான் யார்டுக்குப் போய் முதலாளிக்குப் புதுக் கம்ப்யூட்டர் வைத்தேன். லாரி, டெலிபோன், செருப்பு சைஸ், எதைக் கூட்டினாலும் அவருக்கு ஒன்பது வர வேண்டும். நெட்வொர்க்கில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நம்பர் உண்டு என்று வாயை விட்டேன். “அதுவும் ஒம்போதா குடு.” “நாலும் அஞ்சும் ஒம்போது மொதலாளி!” ரோஸ்மில்க் வரவழைத்துக் கொடுத்தார். நம்பர் காலியா என்று பிங் அடித்துத்தான் பார்த்தேன். பதில் இல்லை. ஏன் இல்லை? அப்போது யார்டில் கரண்ட் கட். இன்வெர்ட்டர் முதலாளி ரூமுக்கு மட்டும். சர்வர் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் நம்பரை நான் எந்தக் காலத்தில் பார்த்தேன்? ‘யார்டு’ என்று பெயரை அடித்தே உள்ளே போய்ப் பழகியவன்.

கடிகாரத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டால் என் வேலை தப்பும், அவள் வேலை போகும்.

“மொதலாளி... உங்க கம்ப்யூட்டர ஆஃப் பண்ணுங்க.”

“எதுக்குடா?”

“அதுக்கும் சர்வருக்கும் ஒரே நம்பர். நான்தான் குடுத்தேன்.”

இறால் பார்ட்டி இருமுவது கேட்டது.

“அதான் காலைல ஏதோ பொட்டி வந்து இங்கிலீஷ்ல கத்துச்சா?” என்றார் முதலாளி. “நான் ஓகே அமுக்கிட்டேன்டா.”

“சார்,” என்றாள் சுகுணா. “இப்ப கேபிள சொருவட்டா, இல்ல கைலயே வெச்சிகினு நிக்கட்டா?”

முதலாளி கம்ப்யூட்டரை அணைத்தார், அவள் சொருகினாள், லாகின் போனது. பாஸ் போட்டேன். யூசுப் அண்ணன் ஹாரன் அடித்த அடி ராயபுரத்துக்கே கேட்டிருக்கும். அவர் வண்டி நுழைந்ததும் ஹார்பர் கேட்டை இழுத்துச் சாத்தினார்களாம். முதலாளி தன் நம்பரை விட்டுக்கொடுக்கவில்லை. சர்வருக்குத்தான் ஐம்பத்துநாலு கொடுத்தேன். (கூட்டிப் பாருங்கள்.)

சுகுணாவிடம் மன்னிப்புக் கேட்க யார்டுக்குப் போனேன். நாலு பேர் முன்னால் மாட்டிவிட்டவன் நாலு பேர் முன்னால்தான் கேட்க வேண்டும் என்று கேட்டிலேயே நிற்க வைத்தாள். கேட்டேன். லாரிக்காரர்கள் கைதட்டினார்கள். அப்புறம் அடிக்கடி போனேன். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் தேதியைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் முதலாளி வந்தார்.

வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டாலும் என் பெண் முதலில் கேட்பது, “அப்பா, யாரோ கை வெச்சிட்டாங்களா?”

இப்போது வீட்டில் நெட் இல்லை. சுகுணா மோடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்னைத் தொட விடவில்லை.